பாதம் கழுவ வருகிறவர்களுக்கு

என் சீமந்த புத்திரனுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், ஆனால் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறேன் என்று நீ சொல்வதை மட்டும் நம்பவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தவள் நான், பெற்ற பிள்ளையை ஒன்று விழுங்க வைக்க முடியவில்லை. உன் பெரியம்மா நேற்றுப் பேசினாள், நம் வீட்டு மாடியில் குடியிருப்பவர்கள் தண்ணீர்த் தொட்டியை நிரம்பி வழிய விடுகிறார்களாம். அதை என்னிடம் சொல்லி என்ன, கடல் தாண்டி வந்து நான் மோட்டாரை அணைக்கவா. அவளுக்கு ஒரு போன் போட்டு நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசு, மோட்டாரைப் பற்றி அல்ல, அவள் உடம்பைப் பற்றிக் கேள், அதற்குத்தான் ஏங்குகிறாள். பேத்திக்கு முன்பல் விழுந்த படத்தை மருமகள் அனுப்பியிருந்தாள். இரண்டு நாளாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் உன் ஆபீஸ் நண்பர்களும் மருமகளின் ஜெபக்குழுவுமாக ஒரு வேன் நிறைய ஆட்களோடு இந்த மிஷனுக்குச் சேவை செய்ய வரப்போவதாகவும், ஏழைகள் வாழும் இடத்துக்கு வருகிறவர்கள் என்னென்ன எதிர்பார்க்க வேண்டும் என்று நான் எழுதி அனுப்பினால் அதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுவதாகவும் சொல்லியிருந்தாய். எழுதுகிறேன். ஆனால் கூட்டத்தில் வாசிக்கும் முன் நீ தனியாக உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் வாசி. போனில் சொல்லலாம் என்றால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடுப்படியில் நடமாடுவாய், பக்கத்தில் மருமகள் நிற்பாள். அதனால்தான் இங்கே முகாமுக்கு வந்து நாளை அங்கே திரும்புகிற பல் டாக்டரிடம் கொடுத்து உன் ஆபீஸ் முகவரிக்குச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது மிஷன் வேன் டிரைவரை. விமான நிலையத்திலிருந்து இங்கே வர அருமையான தார் ரோடு இருக்கிறது. அந்த வழியில் அவன் உங்களைக் கூட்டி வரமாட்டான். சேற்றுப் பாதையில், தகரக் கொட்டகைகளுக்கு நடுவில், சாக்கடைப் பாலத்தின் மேல் குடல் வெளியே வருகிற மாதிரி குலுக்கித்தான் கொண்டுவந்து சேர்ப்பான். ஏனப்பா இப்படி என்று ஒருநாள் கேட்டேன். தார் ரோட்டுல கூட்டிட்டு வந்தா தப்பான இடத்துக்கு வந்துட்டோமான்னு கேக்குறாங்க டாக்டரம்மா, மூஞ்சியே வாடிப்போகுது, இந்தப் பக்கமா வந்தாத்தான் அவங்களுக்குத் திருப்தி என்றான். அவன் சொன்னதில் ஒரு சொல் மிகை இல்லை. வருகிறவர்கள் வேனை விட்டு இறங்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள். நீங்களும் துடைப்பீர்கள். துடைத்த கைக்குட்டையை முகப்பில் போட்டுவிட்டுப் போகாமல் பையில் வைத்துக்கொள்ளச் சொல்.

அடுத்தது தங்குகிற அறை. மிஷனில் மின்விசிறி ஒழுங்காகச் சுற்றுகிற அறை ஒன்றே ஒன்று, அது பிரசவ வார்டு. நான் பாடாய்ப்பட்டு வாங்கி மாட்டின விசிறிகள். தரிசன கோஷ்டி வந்தால் (உங்களை மாதிரி வருகிறவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் அது) பிள்ளை பெற்றவர்களை எல்லாம் வராந்தாவுக்குத் தள்ளிவிட்டு, கட்டில்களுக்குப் புது விரிப்பு போட்டு, வார்டை விருந்தாளிகளுக்குக் கொடுத்துவிடுவார் மிஷனை நடத்துகிற பெரிய சிஸ்டர். விருந்தாளிகள் விசிறிக் காற்றில் நன்றாகத் தூங்கி எழுந்து வெளியே வருவார்கள். வராந்தாவில் பச்சைப் பிள்ளையோடு தரையில் படுத்திருப்பவர்களைப் பார்ப்பார்கள். ஐயோ, இவர்களுக்கென்று ஓர் அறைகூட இல்லையே என்று உருகுவார்கள். உருகின கையோடு படமும் எடுப்பார்கள். இதைப் பெரிய சிஸ்டரிடம் சொன்னால், கோஷ்டி வந்தாத்தான் டாக்டர் கூரைக்குத் தகரம் வரும், உங்க விசிறி எதுல தொங்கும்னு நினைக்கிறீங்க என்கிறார். அவரும் என்ன செய்வார், பிச்சை எடுப்பதைக் கௌரவமாகச் செய்யத் தெரிந்த மனுஷி. எனக்கு அது வராது, நான் பிரசவம் பார்த்தே ஓய்ந்தவள். உன் அப்பா போன பிறகு வீட்டில் தனியாகக் கிடந்து சுவரைப் பார்ப்பதற்குப் பதில் இங்கே வந்து இன்னும் நாலு பிள்ளைகளை எடுக்கலாம் என்று வந்தேனே தவிர, சிரித்துக்கொண்டு நன்றி சொல்ல வரவில்லை.

சாமான்கள் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து கம்பளிக் கோட்டு கொண்டுவராதீர்கள், இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பாதி தீர்ந்த ஷாம்பூ பாட்டில், ஹோட்டல் சோப்பு, கண் இல்லாத பொம்மை, நாள் கடந்த மாத்திரை, இவை எங்களிடம் ஏற்கெனவே ஓர் அறை நிறைய இருக்கின்றன. உங்கள் வீட்டுக் குப்பையைக் கொட்ட அங்கே வண்டி வருகிறது, விமானம் தேவையில்லை. யாருக்காவது எதையாவது கற்றுக்கொடுக்கிற எண்ணம் இருந்தால் அதையும் அங்கேயே இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். போன கோடையில் வந்த ஒரு கூட்டம் இங்குள்ள பெண்களுக்குக் கை கழுவுவது எப்படி என்று பாட்டுப் பாடிச் சொல்லிக் கொடுத்தது. தெருக்கோடிக் குழாயிலிருந்து தலையில் சுமந்து அவர்கள் கொண்டுவந்த தண்ணீரை எல்லாம் எடுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். சாயங்காலம் மொத்த மிஷனிலும் சுத்தமாகக் கை கழுவத் தெரிந்த பெண்கள் இருந்தார்கள், கழுவத் தண்ணீர் இல்லை. அந்தக் கூட்டத்தையே மறுநாள் வயிற்றுப்போக்கு படுக்கவைத்துவிட்டது, நான் சேர்த்து வைத்திருந்த சலைன் பாட்டில் அத்தனையும் அவர்கள் கையில்தான் ஏறியது. ஊர் திரும்பிப் போய், சேவை செய்ததில் தங்களுக்கு எவ்வளவு பலம் கிடைத்தது என்று எழுதியிருந்தார்கள். கிடைக்காமல் என்ன, உப்பும் சர்க்கரையுமாக நான் அல்லவா ஏற்றினேன்.

இது வரைக்கும் கூட்டத்தில் வாசிக்கலாம். வாசித்தால் இரண்டு பேர் சிரிப்பார்கள், நாலு பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. இனிமேல் எழுதுவது உனக்கு.

நிகழ்ச்சி நிரலில் மூன்றாம் நாள் காலையில் ஏழைகளின் பாதம் கழுவுதல் என்று போட்டிருக்கிறாய். அதுதான் இந்தப் பயணத்தின் சிகரம் என்றும், போன வருஷம் மருமகள் பாதம் கழுவிய அதே அம்மாவின் பாதத்தை இந்தத் தடவை நீங்கள் இருவரும் சேர்ந்து கழுவ ஆசைப்படுகிறீர்கள் என்றும், அந்த அம்மாவை உட்கார வைக்க நான் ஏற்பாடு செய்ய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறாய். போன வருஷம் மருமகள் தோழிகளோடு வந்துபோனதிலிருந்து அந்தக் கதையை எத்தனை கூட்டத்தில் சாட்சியாகச் சொல்லிவிட்டாள் என்று எனக்குத் தெரியும். என்னிடமும் போனில் சொன்னாள், நான் அழுதுகிட்டே கழுவுனேன் அத்தை, அந்த அம்மா அசையவே இல்ல, அவங்க முகத்துல அப்படியொரு சமாதானம் என்றாள். நான் அப்போது உம் கொட்டினேன், அந்தக் காலை வேளையில் நான் நோயாளிகளோடு கிளினிக்கில் இருந்தேன், கூடத்தில் யார் யார் பாதத்தைக் கழுவினார்கள் என்று எட்டிப் பார்க்கவில்லை. வேடிக்கை பார்க்கிற வயதும் இல்லை, பொறுமையும் இல்லை.

அந்த அம்மா யார் என்று உனக்குத் தெரிய வேண்டும். கிளினிக்குக்கு அடுத்த அறையில் ஒரே ஒரு ஜன்னலுக்குப் பக்கத்தில் மிதி மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கிற தையல்காரி. மிஷன் கட்டில் விரிப்பு, பள்ளிப் பிள்ளைகளின் சீருடை, என் ஆபரேஷன் துணிகள், எல்லாம் அவள் தைத்தது. நான் வந்த புதிதில் எனக்கு இங்கத்துப் பாஷையைக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான், முதலில் வசவைக் கற்றுக்கொடுத்தாள். எனக்கு ஒரு உள்பாவாடை தைத்துக் கொடுத்தாள், இடுப்பில் ஏறவில்லை. அளவு சரியாத்தான் இருக்கு டாக்டரம்மா, உடம்புதான் தப்பு என்றாள், கடைசி வரைக்கும் பிரித்துத் தரவில்லை. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, அந்த மெஷின்தான் அவளுக்குச் சோறும் துணையும். சர்க்கரை வியாதி பல வருஷமாக இருக்கிறது. பாதம் இரண்டும் மரத்துப்போய்விட்டன, ஆணி குத்தினாலும் தெரியாது. மிதியில் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் மிதிக்கிறாள்.

என் மருமகள் கோஷ்டி அன்றைக்கு என்ன செய்தது என்று கேள். பச்சைத் தண்ணீரில் கழுவினால் அன்பு போதாது என்று வெந்நீர் போட்டார்கள். தாழ்மையோடு பாதம் கழுவ வந்தவர்கள் கைக்குத் தடித்த ரப்பர் உறை மாட்டிக்கொண்டார்கள், கிருமி ஒட்டிக்கொள்ளக் கூடாதாம். உறை போட்ட கைக்குச் சூடு எங்கே உறைக்கும். பேசினில் தண்ணீர் ஆறுகிறதே என்று மருமகள் கெண்டியிலிருந்து வலது காலில் மேலும் மேலும் ஊற்றினாள், கண்ணை மூடிக்கொண்டு பாடினாள், அழுதாள். மரத்துப்போன கால், தையல்காரிக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. சமாதானம் என்று உன் பெண்டாட்டி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாளே, அது வெந்துபோன காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தவளின் முகம்.

அவர்கள் வேன் போய் இரண்டு நாள் கழித்துத்தான் தையல்காரி காலில் துணியைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தாள். அவிழ்த்தேன், வலது பாதத்தின் முன்பக்கத் தோல் காலுறை கழன்ற மாதிரி துணியோடு வந்தது. எப்படி ஆச்சு என்றேன். வீட்டுல கெண்டி கவிழ்ந்துடுச்சு என்றாள். நானும் நம்பினேன். அன்றைக்கு ஆரம்பித்த புண், இன்று வரைக்கும் ஆறவில்லை. தினமும் கட்டுகிறேன், தினமும் திட்டுகிறேன். முதலில் சுண்டுவிரல் கறுத்தது, பிறகு பக்கத்து விரல், இப்போது எலும்பு வரைக்கும் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போடி என்றால் மெஷினை யார் பாத்துக்குவா என்கிறாள். எப்போதாவது இங்கே வந்து போகும் ஆபரேஷன் டாக்டர் போன தடவை பார்த்துவிட்டு, அடுத்த முறை வரும்போது எடுத்துவிடலாம், இப்போதைக்கு என்றால் பாதத்தின் முன்பாதி மட்டும் போகும், குதிகால் நிற்கும் என்றார். அதற்கும் தாமதித்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதுதான். குதிகால் இருந்தால் மெஷினை மிதிக்கலாம். முழங்காலுக்குக் கீழே போய்விட்டால் அவள் அந்த மெஷினை விற்றுவிட்டு, நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படம் எடுக்கிற வரிசையில் வந்து உட்கார வேண்டும்.

அவளைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாட்டை எழுதினால் தாள் போதாது. ஒரு வழியாகச் சரி என்றாள். சும்மா சொல்லவில்லை, அன்றையிலிருந்து குதிகாலால் மிதித்துப் பழக ஆரம்பித்தாள். நூல் அறுந்துபோகும், தையல் கோணிக்கொண்டு ஓடும், அவளுடைய வசவு என் கிளினிக் வரைக்கும் கேட்கும், இருந்தாலும் விடவில்லை. ஆபரேஷன் டாக்டர் வருகிற வாரமும் நீங்கள் வருகிற வாரமும் ஒன்றாக விழுந்திருக்கிறது. நான் என்ன கண்டேன், பெற்ற பிள்ளை வருகிறான் என்ற பூரிப்பில், போன புதன்கிழமை கட்டுப் போடும்போது, என் பையனும் மருமகளும் வர்றாங்க, மருமகள்கூடப் போன வருஷம் வந்தாளே, உன் காலைக் கழுவினாளாமே, சிஸ்டர் இப்பத்தான் சொன்னாங்க என்று வாய் நிறையச் சொன்னேன்.

அவள் முகம் மாறிவிட்டது. அந்த அழுத பொண்ணா என்றாள். ஆமாம் என்றேன். அப்படின்னா இந்தத் தடவை வேணாம் டாக்டரம்மா, ஆபரேஷனை அடுத்த தடவைக்கு வச்சுக்கலாம், அந்தப் பொண்ணு வந்துட்டுப் போகட்டும் என்றாள். ஏன் என்று பிடித்துக் கேட்டேன், உலுக்கிக் கேட்டேன், அப்புறம்தான் கெண்டி கவிழ்ந்த கதை பொய் என்று வெளியே வந்தது. உறைக்கலைன்னாலும் ஆவி பறக்குறது கண்ணுக்குத் தெரிஞ்சுதே, காலை எடுத்தா என்னடி என்றேன். எப்படி எடுக்கிறது, அந்தப் புள்ளை அப்படி அழுதுக்கிட்டு இருந்துச்சு, பாவம் என்ன கஷ்டமோ, நான் காலை இழுத்துக்கிட்டா, தப்புப் பண்ணிட்டோம்னு அதுக்கு மனசு நோகாதா, எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கு என்றாள்.

இவள் மேலும் சேர்த்துத்தான் எனக்கு ஆத்திரம். அறிவு கெட்டவளே என்று கத்தினேன், அவள் நான் கற்றுக்கொண்ட வசவின் உச்சரிப்பைத் திருத்தினாள். இதற்கு மேல் கேள். பாதம் கழுவும் நிகழ்ச்சிக்குத் தன்னையும் உட்கார வைக்கும்படி பெரிய சிஸ்டரிடம் அவளே போய்ச் சொல்லியிருக்கிறாள். வலது காலை மறைக்கத் தரை வரைக்கும் இழுபடுகிற பாவாடை ஒன்றைத் தைத்து முடித்துவிட்டாள், இடது காலை நீட்டப்போகிறாளாம். அதுவும் மரத்த கால்தான். சிஸ்டரிடம் ஓடினேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போய், வர்றவங்ககிட்டச் சொல்லிடாதீங்க டாக்டர், அவங்க மனசு புண்பட்டுடும் என்றார். புண் எங்கே இருக்கிறது என்று வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வெந்த காலை வைத்துக்கொண்டு ஒருத்தி விருந்தாளியின் மனசைப் பார்க்கிறாள், கூரைத் தகரத்துக்காக இன்னொருத்தி விருந்தாளியின் மனசைப் பார்க்கிறாள். இந்த மனசைச் சுமந்துகொண்டு வருவதற்குத்தான் நீங்கள் தனியாக ஒரு பெட்டி கொண்டுவருகிறீர்கள் போலிருக்கிறது.

மாமியார் மருமகள் சண்டை என்று இதை எடுத்துக்கொள்ளாதே. அவள் கெட்டவள் இல்லை, எனக்கு எரிச்சலே அதுதான், கெட்டவளாக இருந்தால் இரண்டு திட்டுத் திட்டிவிட்டு நிம்மதியாக இருப்பேன். எனக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்திலேயே இருந்து நெற்றியில் ஈரத்துணி போட்டவள் அவள்தான், மறக்கவில்லை. இதைச் சொல்லக் கூடாது என்று தையல்காரி என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தாள், நான் கொடுக்கவில்லை. உடனே நீ பயணத்தை ரத்து செய்துவிடாதே. தான் வாயைத் திறந்ததால்தான் விருந்தாளிகள் வரவில்லை என்று அவள் அதற்கும் ஒரு பழியைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வாள், ஆபரேஷனுக்கு அப்போதும் வரமாட்டாள். வாருங்கள். பாதம் கழுவுதல் என்ற வரியை நிரலிலிருந்து அடித்துவிடு. பிரசவ வார்டில் தங்கமாட்டோம் என்று சிஸ்டருக்கு இன்றைக்கே எழுதிவிடு, பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுங்கள், கொசு கடிக்கும், கடிக்கட்டும்.

மருமகளிடம் விமானம் ஏறும் முன்பே சொல்லிவிடு. நீதான் சொல்ல வேண்டும், நயமாகச் சொல், ஆனால் மிச்சம் வைக்காமல் சொல். வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் அழட்டும், பக்கத்திலேயே இரு. இங்கே வந்ததும் கோஷ்டியைக் கூட்டிக்கொள்ளாமல், கேமராவும் பாட்டும் இல்லாமல், நேராக மெஷின் அறைக்குப் போகச் சொல். தையல்காரி பக்கத்தில் ஒரு முக்காலி கிடக்கும், அதில் உட்கார்ந்து, எனக்கு எல்லாம் தெரியும், நீங்க இந்த வாரமே ஆபரேஷன் பண்ணிக்கணும், நான் கூடவே இருப்பேன் என்று சொல்லட்டும். பாஷை தெரியாதென்றால் நான் பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறேன். டாக்டர் நான் தொண்டை கிழியச் சொன்னாலும் அந்தத் தையல்காரி கேட்கமாட்டாள், விருந்தாளி ஒரு வார்த்தை சொன்னால் தட்டமாட்டாள். இந்த உலகத்தில் அவளை அந்த மேஜையில் படுக்க வைக்கக் கூடியவள் இன்றைக்கு உன் பெண்டாட்டி ஒருத்திதான்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். பேத்திக்கு என் முத்தம், புதுப்பல் முளைக்கிற இடத்தை நாக்கால் துழாவ வேண்டாம் என்று சொல். பெரியம்மாவுக்குப் போன் போடு. மருமகளுக்கு என் அன்பைச் சொல், வெறும் வாய்வார்த்தையாக எழுதவில்லை என்றும் சொல். ஒன்றை மட்டும் அவளுக்கு நன்றாக ஞாபகப்படுத்து. அந்த அறைக்குள் போகும்போது அவள் கண் காய்ந்திருக்க வேண்டும். போன தடவை அவள் அழுததைப் பார்த்துத்தான் தையல்காரி ஒரு காலைக் கொடுத்தாள், இந்தத் தடவையும் அழுதால் மறுபேச்சுப் பேசாமல் இன்னொன்றையும் நீட்டிவிடுவாள்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா